ஃபுர்மின்ட்டும் புளித்த பாலாடையும்

புடாபெஸ்டில் நான் குடியிருந்த பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில், என் வீட்டுக்கு எதிர்வாசலில், எழுபது வயதைக் கடந்த பெண்மணி ஒருவர் தனியாக வசித்தார். ஹங்கேரியில் வயதில் மூத்த பெண்களை 'நேனி' என்று அழைப்பார்கள். நம் ஊரில் முன்பின் அறியாதவரையும் அக்கா என்றும் பாட்டி என்றும் கூப்பிடுவதைப் போன்ற வழக்கம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நேனி என்னைத் தம் வீட்டுக்கு அழைத்துக் கோழி பாப்ரிகாஷ் சமைத்துப் போட்டார். அன்றுதான் நான் ஃபுர்மின்ட் என்ற வெள்ளை ஒயினை முதன்முதலாக முறைப்படி குடித்தேன். முறைப்படி என்று சொல்லக் காரணம் உண்டு. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு ஒரு புட்டியைக் கடையில் வாங்கி வந்து, மாலையில் உணவு எதுவும் இல்லாமல் ஒரு வாய் குடித்துப் பார்த்து, பச்சை மாங்காயைக் கடித்தவன் போல முகத்தைச் சுளித்து, தக்கையைத் திரும்ப அடைத்துக் குளிர்பெட்டியின் ஓரத்தில் தள்ளியிருந்தேன். ஒயின் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். அந்தக் கதையைச் சொன்னபோது நேனி சிரித்துவிட்டு, "அந்தப் புட்டியை எடுத்துக்கொண்டு வா" என்றார்.

கோழி பாப்ரிகாஷ் எப்படிச் செய்யப்படுகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஒயினின் இயல்பு அந்தச் சட்டிக்குள்தான் எனக்குப் புரிந்தது. முதலில் பன்றிக்கொழுப்பை உருக்கி, அதில் பொடியாக அரிந்த வெங்காயத்தைச் சிவக்க விடாமல், கண்ணாடி போல ஆகும்வரை நிதானமாக வதக்குகிறார்கள். பிறகு சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி, அதன் பின்னரே பாப்ரிகா என்ற காரம் குறைந்த மிளகாய்ப் பொடியைத் தூவுகிறார்கள்; பொடியில் சர்க்கரைச் சத்து இருப்பதால் நேரடிச் சூட்டில் அது நொடியில் கருகிக் கசந்துவிடும். கோழித் துண்டுகள் அந்தச் செந்நிறக் கொழுப்பில் புரண்டு, தம் சாற்றிலேயே மெல்ல வெந்து முடிந்த பிறகு, மாவில் கரைத்த 'தெய்ஃபொல்' சேர்க்கப்படுகிறது. தெய்ஃபொல் என்பது புளிக்கவைத்த பாலாடை. கடைகளில் கிடைப்பவற்றில் 20 சதவீதக் கொழுப்பு உள்ளதையே சமையலறைப் பெண்கள் நம்புகிறார்கள். துளையிட்ட தகட்டின் வழியாக மாவைக் கொதிநீரில் தேய்த்து விழவைத்து எடுக்கும் நொகெட்லி என்ற சிறு உருண்டைகள்தான் இதற்குச் சோறு. தட்டில் வந்து அமரும்போது அது ரோஜாவும் செம்மண்ணும் கலந்த நிறத்தில், கனமாக, இனிமையாக, நாக்கின் மேல் ஒரு போர்வையைப் போலப் படிகிறது. நான்கைந்து கவளத்துக்குப் பிறகு சுவை மங்கி, வாய் முழுவதும் கொழுப்பு மட்டுமே இருப்பதாகத் தோன்றும்.

அந்த இடத்தில்தான் நேனி என் கோப்பையில் நான் வெறுத்து ஒதுக்கிய அதே ஒயினை ஊற்றினார். ஒரு வாய் குடித்தேன். முன்பு பல்லைக் கூசவைத்த அந்தப் புளிப்பு, நாக்கின் மேல் படிந்திருந்த கொழுப்பை வழித்துக்கொண்டு போயிற்று. வாயில் எச்சில் ஊறியது. அடுத்த கவளத்தில் வெங்காயத்தின் இனிப்பும் பாப்ரிகாவின் மணமும் முதல் கவளத்தில் இருந்ததைப் போலவே திரும்பி வந்தன. ஒயினும் மாறியிருந்தது. தனியாகக் குடித்தபோது புளிப்பைத் தவிர எதையும் காட்டாத அது, இப்போது பேரிக்காயையும் எலுமிச்சைத் தோலையும், மழை நனைத்த கருங்கல்லில் எழும் ஒரு வாடையையும் காட்டியது. உணவுக்கு ஒயின் பொருத்தம் பார்ப்பது என்றால் மணத்துக்கு மணம் இணை சேர்ப்பது என்று அதுவரை எண்ணியிருந்த நான், அன்றிலிருந்து முதலில் புளிப்பையும் கொழுப்பையுமே பார்க்கத் தொடங்கினேன். மணங்கள் எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை. புளியும் மோரும் எலுமிச்சையும் இல்லாமல் எண்ணெய்ப் பண்டத்தைச் சாப்பிடத் தெரியாத ஊரில் பிறந்தவன் இதை ஒரு ஹங்கேரிய மூதாட்டியிடம் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் வெட்கமும் உண்டு.

ஃபுர்மின்ட் என்பது ஒரு திராட்சை வகையின் பெயர். ஹங்கேரியின் வடகிழக்கில், பொட்ரோக், திஸா ஆகிய இரண்டு ஆறுகள் கூடும் இடத்தை ஒட்டிய தொகாய் மலைச்சரிவுகளே அதன் தாயகம். ஸ்லோவேனியாவில் ஷிப்போன் என்ற பெயரில் அதே கொடி வளர்கிறது, ஆஸ்திரியாவிலும் சிறிதளவு இருக்கிறது. ஆனால் தொகாயில் பயிரிடப்படும் கொடிகளில் பாதிக்கும் மேல் ஃபுர்மின்ட்தான். இது தாமதமாகப் பழுக்கும் கொடி. மற்ற வகைகள் சர்க்கரை ஏற ஏறப் புளிப்பை இழந்துவிடும். ஃபுர்மின்ட் அக்டோபர் வரை கொடியிலேயே கிடந்து நன்றாகக் கனிந்த பின்னும் புளிப்பை விட்டுக்கொடுப்பதில்லை. சர்க்கரை முழுவதும் நொதித்து ஆல்கஹாலாகிவிட்ட ஒயினை இனிப்பற்றது, 'உலர்ந்தது' என்கிறோம். அத்தகைய ஃபுர்மின்ட்டில் இனிப்பின் மறைப்பு இல்லாததால் புளிப்பு ஒளிவின்றி நிற்கிறது. வெறும் வாயில் அது எதிரியாகத் தோன்றுவதற்கும், கொழுப்பின் எதிரில் துணையாவதற்கும் அந்த ஒரே குணம்தான் காரணம்.

ஆனால் உலகம் தொகாயை அறிந்தது இந்த உலர்ந்த ஒயினால் அல்ல. இலையுதிர் காலக் காலைகளில் இரண்டு ஆறுகளிலிருந்தும் எழும் மூடுபனி சரிவுகளில் படிய, நண்பகலில் வெயில் அடிக்க, அந்த ஈரமும் உலர்வும் மாறி மாறி வரும் நாள்களில் 'பொட்ரைட்டிஸ்' என்ற பூஞ்சை திராட்சைத் தோலைத் துளைக்கிறது. துளைகளின் வழியே நீர் ஆவியாகி, பழம் சுருங்கி, சர்க்கரையும் புளிப்பும் மணமும் ஒன்றாகச் செறிந்துவிடுகின்றன. அப்படிச் சுருங்கிய பழத்துக்கு 'அசூ' என்று பெயர். அதிலிருந்து செய்யும் இனிப்பு ஒயினின் பெயரும் அதுவே. 1571ஆம் ஆண்டின் ஆவணம் ஒன்றிலேயே அசூ ஒயின் குறிப்பிடப்பட்டிருக்கிறது. 1737இல் அரசாணை ஒன்றின் மூலம் தொகாய் ஒயினுக்குரிய ஊர்களின் எல்லை வரையறுக்கப்பட்டது. உலகில் இப்படிச் சட்டத்தால் எல்லை வகுக்கப்பட்ட மிகப் பழைய ஒயின் வட்டாரங்களுள் இது ஒன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் ரஷ்ய அரசவை தனக்கு வேண்டிய அசூவை வாங்குவதற்கென்றே தொகாயில் ஓர் அலுவலகக் குழுவை வைத்திருந்தது. இவ்வளவு புகழும் இனிப்புக்கே சேர்ந்தது. உலர்ந்த ஃபுர்மின்ட் என்பது அசூ ஆகாமல் மிஞ்சிய பழத்தில் செய்து வீட்டுக்கும் வேலையாட்களுக்கும் வைத்துக்கொள்ளும் ஒன்றாகவே நெடுங்காலம் கிடந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த பொதுவுடைமை அரசின் காலத்தில் தோட்டங்களின் விளைச்சல் பெரும் அரசு நிறுவனம் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தது. எந்தச் சரிவில் விளைந்த பழம் என்ற கேள்வியே இல்லாமல் எல்லாம் ஒரே தொட்டியில் கலக்கப்பட்டன. அளவே இலக்காக இருந்தது, பெரும்பகுதி சோவியத் ஒன்றியத்துக்குப் போயிற்று. 1990க்குப் பிறகு தனியார் திரும்பி வந்தார்கள். வெளிநாட்டு முதலீடும் வந்தது. மாட் என்ற சிற்றூரைச் சேர்ந்த இஷ்ட்வான் செப்ஷி 2000ஆம் ஆண்டு விளைச்சலில், ஊராட்யா என்ற ஒரே தோட்டத்துப் பழத்தைக் கொண்டு உலர்ந்த ஃபுர்மின்ட் ஒன்றைச் செய்தார். ஊராட்யா என்றால் ஆண்டவனின் கட்டில் என்று பொருள். இனிப்புக்காகவே காத்துவைக்கப்படும் உயர்ந்த நிலத்தின் பழத்தை உலர்ந்த ஒயினுக்குச் செலவிட்டது அன்று துணிச்சலான செயல். அதைக் குடித்துப் பார்த்த மற்றவர்களும் தத்தம் தோட்டங்களில் அதையே செய்யத் தொடங்கினார்கள். இப்போது ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஃபுர்மின்ட்டுக்கென்றே புடாபெஸ்டில் விழா நடக்கிறது. கொண்டாட்டத்தின் மையமாக இருப்பது பெரும்பாலும் இந்த உலர்ந்த வகைதான்.

நேனியின் மேசையிலிருந்து எழுந்த ஆர்வத்தில், அடுத்த மாதமே மாட் ஊருக்குப் போனேன். புடாபெஸ்டின் கிழக்கு நிலையத்தில் ரயில் ஏறி செரென்ச்சில் இறங்கி, அங்கிருந்து சில கிலோமீட்டர் போக வேண்டும். ஊர் என்னவோ ஒரு தெருவும் சில சந்துகளும்தான். மேட்டின் மேல் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய யூதர்களின் தொழுகைக்கூடம் நிற்கிறது. இந்த ஊரின் ஒயினைப் போலந்து வரை கொண்டுபோய் விற்றவர்களில் பலர் யூத வணிகர்கள். 1944இல் அவர்கள் நாடு கடத்தப்பட்டார்கள். கட்டடம் செப்பனிடப்பட்டு அழகாக இருக்கிறது, தொழ ஆள் இல்லை.

நான் போன ஒயின் வீடு சிறியது. கணவனும் மனைவியுமாக நடத்துகிறார்கள். நிலவறைக்குள் இறங்கியதும் சுவரெல்லாம் கரிய பஞ்சு ஒட்டியதைப் போல ஒரு பூஞ்சை படர்ந்திருந்ததைக் கண்டு தயங்கினேன். பீப்பாய்களிலிருந்து கசியும் ஆல்கஹால் ஆவியை உண்டு வாழும் அது, நிலவறையின் ஈரப்பதத்தைச் சமமாக வைத்திருப்பதால் இங்கே மரியாதையோடு நடத்தப்படுகிறது. எரிமலைச் சாம்பல் இறுகிக் கல்லான பாறையைக் குடைந்தே இந்த அறைகளைச் செய்திருக்கிறார்கள். ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே எரிமலைகள் உயிரோடு இருந்தன. மாட்டைச் சுற்றிய சரிவுகளில் அந்தச் சாம்பற்கல்லும் அது மட்கிய களிமண்ணும் உள்ளன. தொகாய் ஊருக்கு மேல் நிற்கும் மொட்டை மலையிலோ எரிமலைப் பாறையின் மேல் காற்று கொண்டுவந்து கொட்டிய மெல்லிய வண்டல் படிந்திருக்கிறது. வீட்டுக்காரர் இரண்டு கோப்பைகளில் இரண்டு தோட்டத்து ஃபுர்மின்ட்டை ஊற்றினார். ஆண்டு ஒன்று, செய்முறை ஒன்று, கொடியும் ஒன்று. வண்டல் மண்ணில் விளைந்தது மென்மையாகவும் பூமணத்தோடும் இருந்தது. கல்லில் விளைந்ததோ இறுக்கமாக, புகை வாடையோடு, விழுங்கிய பின் உப்பு கரித்தது போன்ற ஓர் உணர்வை நெடுநேரம் விட்டுச் சென்றது. கல்லின் சுவை நேராக ஒயினுக்குள் ஏறுகிறது என்று அறிவியலாளர்கள் ஒப்புக்கொள்வதில்லை. அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் இரண்டு கோப்பைகளுக்கும் வேறுபாடு இருந்தது, அதை உணர நிபுணத்துவம் தேவைப்படவில்லை.

அவர் மனைவி ரொட்டியும் 'கொரொசொட்'டும் கொண்டுவந்து வைத்தார். செம்மறியாட்டுப்பால் தயிர்க்கட்டியில் பாப்ரிகாவும் சோம்பை ஒத்த கேரவே விதையும் பொடியாக அரிந்த வெங்காயமும் பிசைந்து ரொட்டியில் தடவித் தின்னும் பண்டம் அது. செய்ய ஐந்து நிமிடம் ஆகாது. ஆயினும், உலர்ந்த ஃபுர்மின்ட்டோடு நான் சாப்பிட்டவற்றுள் இதைவிடப் பொருத்தமான ஒன்றை இன்றுவரை காணவில்லை. பாப்ரிகாஷ்கூட இரண்டாம் இடம்தான். ஆட்டுப்பாலின் கொழுப்பும் உப்பும் ஒயினின் புளிப்பைத் தணிக்க, வெங்காயத்தின் காரத்தை ஒயினின் குளிர்ச்சி தணித்தது.

புடாபெஸ்ட் திரும்பியபின் அடுத்த குளிர்காலம் முழுவதும் ஒவ்வொரு ஹங்கேரிய உணவையும் இந்த ஒயினோடு சேர்த்துப் பார்ப்பதே என் பொழுதுபோக்காக இருந்தது. லாங்கோஷ் என்பது நம் பூரியைப் போல எண்ணெயில் பொரித்த பெரிய மாவுத் தட்டு. அதன் மேல் பூண்டு ஊறிய நீரைத் தடவி, தெய்ஃபொல்லும் துருவிய பாலாடைக்கட்டியும் குவித்துத் தருவார்கள். சந்தையில் நின்றபடி தின்னும் ஏழைப் பண்டமான இதற்கு, பீப்பாயில் போடாமல் எஃகுத் தொட்டியில் முடித்த விலை குறைந்த, இளம் ஃபுர்மின்ட் மிகவும் சரியாக இருக்கிறது. பாலட்டோன் ஏரியில் பிடிக்கும் ஃபொகாஷ் என்ற மீனை முழுதாகப் பொரித்துத் தருவதற்கும் அதுவே. புளித்த முட்டைக்கோஸ் இலையில் பன்றி இறைச்சிக் கொத்தையும் அரிசியையும் பொதிந்து வேகவைக்கும் தொல்தொட் காபோஸ்தா சற்றுச் சிக்கலான உணவு, ஏனெனில் அதில் உணவே புளிப்பு. உணவைவிடப் புளிப்பு குறைந்த ஒயினை அதனோடு குடித்தால் ஒயின் தண்ணீராகத் தோன்றும்; பல வெள்ளை ஒயின்கள் அந்த முட்டைக்கோஸின் முன் இப்படித்தான் தோற்றுப்போயின. ஃபுர்மின்ட் தோற்கவில்லை. ஓக் பீப்பாயில் ஓராண்டு கிடந்து சற்றுத் தடித்த வகையாக இருந்தால், உள்ளே இருக்கும் புகையிட்ட இறைச்சிக்கும் அது ஈடுகொடுக்கிறது.

ஹலாஸ்லே விஷயத்தில் ஊர்க்காரர்களோடு எனக்கு ஒரு வழக்கு இருந்தது. ஆற்றுக்கெண்டையை வெங்காயத்தோடும் மிகுந்த பாப்ரிகாவோடும் கொதிக்கவிட்ட செந்நிற மீன் சாறு அது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் பல வீடுகளில் இதுவே விருந்து. தெற்கில் இதனோடு கதர்கா என்ற இலேசான சிவப்பு ஒயினைத்தான் குடிக்கிறார்கள், மீனுக்கு வெள்ளை என்ற விதியை நான் எடுத்துச் சொன்னபோது என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். குடித்துப் பார்த்தபின் அவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாகத் தோன்றியது. பாப்ரிகாவின் இனிப்பும் கெண்டையின் மண்வாடையும் துவர்ப்பு குறைந்த அந்தச் சிவப்போடுதான் நன்றாக ஒட்டுகின்றன. அந்தச் சாற்றில் பாலாடை இல்லை, பன்றிக்கொழுப்பும் குறைவு. ஃபுர்மின்ட்டின் புளிப்புக்கு அங்கே வேலை குறைவு. குயாஷ் என்ற மாட்டிறைச்சிக் குழம்புக்கும் நான் ஃபுர்மின்ட்டைத் தர மாட்டேன்.

பாப்ரிகா என்ற சொல் வந்ததால் ஒரு சிறு விலகல். அமெரிக்கக் கண்டத்து மிளகாய்ச் செடியைப் போர்ச்சுகீசியர்கள் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள்; அதே செடி உதுமானியத் துருக்கியர் வழியாக ஹங்கேரிக்குப் போய், முதலில் 'துருக்கி மிளகு' என்று அழைக்கப்பட்டது. நாம் காரத்தை வைத்துக்கொண்டோம், அவர்கள் காரத்தைக் குறைத்து நிறத்தையும் இனிப்பையும் வளர்த்தெடுத்தார்கள். செகெட் நகரில் அந்தப் பழங்களிலிருந்து வைட்டமின் சி-யை ஏராளமாகப் பிரித்தெடுத்த ஆல்பெர்ட் சென்ட்-ஜியோர்ஜி 1937இல் நோபல் பரிசு பெற்றார். ஒயினுக்கு இந்த வரலாறு எவ்வகையில் முக்கியம் என்றால், காரம் ஆல்கஹாலின் எரிச்சலைக் கூட்டிக் காட்டும். இனிப்புப் பாப்ரிகா அப்படிச் செய்வதில்லை. ஹங்கேரியச் சமையலோடு இவ்வளவு இயல்பாக இணங்கும் உலர்ந்த ஃபுர்மின்ட், என் சமையலறையில் நான் வைத்த மிளகாய்க் குழம்பின் எதிரில் தடுமாறியதற்குக் காரணம் அதுதான். புளிக்குழம்போடு குடித்தபோது புளிப்பும் புளிப்பும் மோதி இரண்டுமே கெட்டன. மிளகும் மஞ்சளும் உப்பும் மட்டும் தடவிப் பொரித்த மீனோடு மட்டும் அது நன்றாக இருந்தது. மற்றவற்றை நான் வற்புறுத்தவில்லை.

அசூவைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது, அதைப் பற்றிய தவறான நம்பிக்கை ஒன்றை நானே பொதுவில் அரங்கேற்றியிருப்பதால். அலுவலக நண்பர் ஒருவரின் பிறந்தநாளுக்கு ஐந்து புத்தொன்யோஷ் என்ற இனிப்பு அளவுள்ள அசூ ஒன்றை வாங்கிப் போய், இனிப்பு ஒயின் இனிப்புக்குத்தானே என்று சாக்லேட் கேக்கோடு எல்லோருக்கும் ஊற்றினேன். கேக்கின் இனிப்பு ஒயினின் இனிப்பை விழுங்கிவிட, கோப்பையில் எஞ்சியது மெலிந்த ஒரு புளிப்பு நீர். அரை லிட்டர்ப் புட்டிக்குக் கொடுத்த விலையை நினைத்து அன்றிரவு நான் உறங்கவில்லை.

புத்தொன்ய் என்பது அறுவடையில் முதுகில் சுமக்கும் கூடை; ஏறத்தாழ 25 கிலோ அசூ பழம் பிடிக்கும். கொன்ட்ஸ் என்ற ஊரின் பெயரால் அழைக்கப்படும் 136 லிட்டர்ப் பீப்பாயின் அளவுக்கு எத்தனை கூடை சுருங்கிய பழம் சேர்த்தார்கள் என்பதே முன்பு இனிப்பின் கணக்கு. இப்போது கூடைகளை யாரும் எண்ணுவதில்லை, சர்க்கரையை அளக்கிறார்கள்; 2013 விளைச்சலிலிருந்து அசூ என்ற பெயருக்கு ஒரு லிட்டரில் குறைந்தது 120 கிராம் சர்க்கரை இருக்க வேண்டும், ஆறு புத்தொன்யோஷ் என்றால் 150 கிராம். கேட்கும்போது பாகு என்றே தோன்றும். பாகாகத் தெவிட்டாமல் அதைக் காப்பதும் ஃபுர்மின்ட்டின் புளிப்புதான். பழம் சுருங்கும்போது சர்க்கரையோடு புளிப்பும் சேர்ந்தே செறிந்திருக்கிறது. உலர்ந்த பாதாமி (ஆப்ரிகாட்) பழமும் தேனும் நாரத்தைத் தோலின் இலேசான கசப்பும் அதில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

இந்த இனிப்புப் புளிப்புக்கு ஏற்ற இணை உப்பும் கொழுப்பும் உள்ள பண்டங்கள். ஹங்கேரியர்கள் பெருவாத்தின் (கூஸ்) ஈரலை அதன் கொழுப்பிலேயே மெல்லப் பொரித்து, அந்தக் கொழுப்பிலேயே உறையவைத்து, குளிர்ந்த பின் ரொட்டியின் மேல் வெட்டி வைத்து, ஊதா வெங்காயத்தோடு தின்கிறார்கள். நவம்பர் 11 மார்ட்டின் திருநாள். அன்று பெருவாத்துக்கறி தின்னாதவன் ஆண்டு முழுவதும் பசித்திருப்பான் என்பது அவர்களின் பழமொழி. அந்த வாரத்தில்தான் ஈரலையும் அசூவையும் சேர்த்துச் சாப்பிட்டேன். வெண்ணெய் போல உருகும் ஈரலுக்கும் ஒயினுக்கும் இடையே எது எங்கே முடிகிறது என்று சொல்ல முடியவில்லை. வாத்துக்கு வலிந்து தீனி புகட்டி ஈரலைப் பெருக்கவைக்கும் முறையை அறிந்த பிறகு எனக்கு மனம் ஒப்பாமல் போய்விட்டது, அதன்பின் அதை வாங்கவில்லை. நீலப் பூஞ்சை ஓடிய பாலாடைக்கட்டி அந்த இடத்தை ஏறத்தாழ நிரப்பிவிடுகிறது. உப்பு, கொழுப்பு, பூஞ்சை. எதிர்ப்பக்கம் இனிப்பு, புளிப்பு, மறுபடியும் பூஞ்சை. இனிப்புப் பலகாரம்தான் வேண்டும் என்றால் பாதாமி வைத்த, சர்க்கரை குறைந்த பணியாரம் ஏதேனும் பொருந்தும். சாக்லேட்டை மட்டும் கிட்டே சேர்க்க வேண்டாம்.

உலர்ந்ததற்கும் அசூவுக்கும் நடுவில் சமொரொட்னி என்று ஒன்று உண்டு. 'விளைந்தபடியே' என்ற பொருள் தரும் ஸ்லாவியச் சொல் அது. குலையில் அசூ பழத்தையும் நல்ல பழத்தையும் பிரிக்காமல் அப்படியே சேர்த்துப் பிழிவதால் அந்தப் பெயர். அதிலும் இனிப்பு வகை, உலர்ந்த வகை என்று இரண்டு. பீப்பாயில் ஒயினின் மேல் ஈஸ்ட் ஏடு படர விட்டு முதிர்விக்கும் பழைய பாணி உலர்ந்த சமொரொட்னியில் வாதுமையும் வாடிய ஆப்பிளும் மணக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நேனி வைக்கும் தெளிந்த கோழிச் சாற்றோடு ஒரு சிறு கோப்பை அதைக் குடிப்பது எனக்குப் பிடித்துப்போயிற்று. கடைகளில் அதைக் கேட்பார் குறைவு. என் மிளகாய்க் குழம்புக்கு ஓரளவேனும் இணங்கிய தொகாய் ஒயின், வியப்பாக, இனிப்பு சமொரொட்னிதான். அதன் இனிப்பு காரத்தைக் கையைப் பிடித்து உட்காரவைத்தது.

வாங்குவோருக்கு ஒரு சொல். புட்டியில் 'சாராஸ்' என்று இருந்தால் உலர்ந்தது, 'ஏதெஷ்' என்று இருந்தால் இனிப்பு; தொகாய் என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் என்னைப் போல ஏமாற நேரும். ஹார்ஷ்லெவெலூ என்ற பெயரும் கண்ணில் படும். லிண்டன் மரத்தின் இலையைப் போன்ற இலை உடையது என்று பொருள். ஃபுர்மின்ட்டின் வழித்தோன்றலான இந்தத் திராட்சை அதைவிடச் சற்று மென்மையானது, மணமானது. புளிப்புக்கு அஞ்சுவோர் இரண்டும் கலந்த புட்டியில் தொடங்கலாம். உலர்ந்த ஃபுர்மின்ட்டைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே ஊற்றுவது தவறு. பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு வரும்வரை மேசையில் கால்மணி நேரம் வைத்தால்தான் புளிப்புக்குப் பின்னால் இருக்கும் மற்றவை வெளியே வருகின்றன.

நான் புடாபெஸ்டை விட்டுக் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறன்று நேனியின் வீட்டுக்குப் போகும்போது, மாட் ஊரின் ஒற்றைத் தோட்டத்து ஃபுர்மின்ட் ஒன்றைக் கொண்டுபோனேன். ஓக் பீப்பாயில் முதிர்ந்து, என் வாரச் செலவில் பாதியை விழுங்கிய புட்டி அது. தோட்டத்தின் பெயர், மண்ணின் வகை, ஆண்டின் மழை என்று நான் கற்றுவைத்திருந்த எல்லாவற்றையும் அவரிடம் ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். மேசையில் தூரோஷ் சூசா இருந்தது: வேகவைத்த மாவுப் பட்டைகளின் மேல் தயிர்க்கட்டியும் தெய்ஃபொல்லும், பொரித்த பன்றிக்கொழுப்புத் துண்டுகளும். நான் புட்டியைத் திறந்து அவர் கோப்பையில் ஊற்றினேன். அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து சோடாக் குப்பியை எடுத்துவந்து, நான் தடுப்பதற்குள் ஒயினின் மேல் பீய்ச்சினார். இரண்டு பங்கு ஒயினுக்கு ஒரு பங்கு சோடா. அதற்கு அவர்கள் மொழியில் 'பெரிய ஃப்ரொச்' என்று பெயரே இருக்கிறது. ஒரு பங்கு ஒயினுக்கு இரண்டு பங்கு சோடா என்றால் 'நீண்ட காலடி', மூன்றுக்கு இரண்டு என்றால் 'வீட்டுக் காவலாளி' என்று இன்னும் பல.

நான் மூச்சடைத்து நின்றதைப் பார்த்து, "நல்ல ஒயின்தான், அதனால்தான் கொஞ்சமாகச் சோடா விட்டேன்" என்றார். பிறகு என் கோப்பையையும் நீட்டச் சொன்னார். பன்றிக்கொழுப்பின் மொறுமொறுப்போடும் தயிர்க்கட்டியின் குளிர்ச்சியோடும் அதைக் குடித்தேன். சோடா கலந்தும் புளிப்பு கலையாமல் நின்றது; புகை வாடை மட்டும் சற்று விலகியிருந்தது. இரண்டாம் முறை தட்டை நிரப்பிக்கொண்டபோது குப்பியை நானே எடுத்துப் பீய்ச்சிக்கொண்டேன்.